சந்தனம் அப்பிய முகமூடி

புரட்டாசி இருபத்தெட்டு, வியாழக்கிழமை, சரஸ்வதி பூசை. காலையில் குளித்து, பாடப்புத்தகங்களைச் சாமி படத்தின் முன் அடுக்கிவிட்டு, அம்மாவோடு ஜெகதாப்பட்டினம் ஐஸ் கம்பெனிக்குப் போனேன். எனக்கு அப்போது பத்து வயது. அப்பா அங்கே மெஷின் ஓட்டுபவர். சித்தப்பா அவருக்கு உதவியாள்.

ஐஸ் கட்டியாக உறைய அம்மோனியா வாயு வேண்டும். அது கசிந்தால் கண்ணும் மூச்சும் போய்விடும். அதற்கென்று ஒரு ரப்பர் முகமூடி மெஷின் அறைக்குள் தொங்கும். யாரும் அதை மாட்டி நான் பார்த்ததில்லை. பூசை அன்று மட்டும் ஸ்பானர்களோடு கழுவி, முன்பக்க ஆபீசில் சாமிக்கு முன்னால் வைப்பார்கள். அந்த வருடம் அதன் கண்ணாடிகள் இரண்டிலும் சித்தப்பா சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்திருந்தார்.

"பிள்ளையாருக்குப் பக்கத்துல வைக்காதடா. யாரு சாமின்னே தெரியல" என்றார் அப்பா.

"இருக்கட்டும்ணே. வருசம் பூரா சும்மா தொங்குது. இன்னைக்காச்சும் கும்பிடு வாங்கிக்கிறட்டும்."

சொல்லிவிட்டு மெஷினுக்கு மாலை போட உள்ளே போனார். சற்று நேரத்தில் மூக்கைக் கிழிக்கும் நெடி வந்தது. எல்லோரும் வெளியே ஓடினோம். சித்தப்பா மட்டும் வரவில்லை. அப்பா துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு போனார். மெஷின் அறை வாசலைத் தாண்ட முடியாமல் இருமிக்கொண்டே திரும்பினார். அவர் பார்வை ஆபீசுக்குள் இருந்த முகமூடியின் மேல் விழுந்தது.

"இன்னும் தீவாரணை காட்டலப்பா. பூசையில வச்சதை எடுக்குறதா?" என்றார் முதலாளி.

அப்பா தயங்கிய அந்தக் கணத்தில் அம்மா அதை எடுத்துவிட்டாள். முந்தானையால் சந்தனத்தை அழுத்தித் துடைத்தாள்.

"சாமி கோவிச்சா நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க போட்டுக்கிட்டுப் போங்க."

அவர் தலைக்குப் பின்னால் வாரை இறுக்கும்போது அவள் கை நடுங்கியது.

அப்பா சித்தப்பாவை இழுத்து வந்து போட்டார். மறுபடி உள்ளே போய் வால்வை மூடினார். சித்தப்பாவின் கண்ணில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, மீன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிரும் பார்வையும் தப்பின. என் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர் அவர்தான்.

"பூசைக்குன்னு வெளிய வச்சதாலதானப்பா கைக்குக் கெடச்சுது. உள்ள தொங்கியிருந்தா?" என்று முதலாளி சாயங்காலம் கேட்டார். அது உண்மை.

பூசையைக் கலைத்த பயத்தில்தான் அம்மாவின் கை நடுங்கியது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். எனக்கென்று ஒரு குடும்பம் வந்த பிறகுதான் தெரிந்தது. கொழுந்தனை மீட்கப் புருஷனை அந்தப் புகைக்குள் அனுப்பிய கை அது. வீட்டில் இரண்டு பேரையும் எங்களுக்கு மிச்சம் வைத்தவளுக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

அதன்பின் மாதம் ஒருமுறை, கம்பெனியில் எல்லோரும் முகமூடியை மாட்டிக்கொண்டு வால்வு வரை நடந்து வர வேண்டும் என்று அப்பா ஏற்பாடு செய்தார். ஓய்வு பெறும் வரை ஒரு மாதமும் விட்டதில்லை.

அது தொடங்கியது பூசைக்கு மறுநாள், விஜயதசமி அன்று. மெஷினைத் தொடுவதற்கு முன்பே அப்பா முகமூடியைத் தொங்கவிட மெஷின் அறைக் கதவுக்கு வெளியே ஆணி அடித்தார். பிறகு ஆட்களை வரிசையாக நிறுத்தினார். முதலில் வந்து தலையைக் குனிந்து நின்றவர் முதலாளி.