மஞ்சளுக்கு நடுவே வெள்ளை வட்டம்

பாலியூரிதேன் பிளாஸ்டிக் கலவையை அச்சில் ஊற்றி, தம்பானூர் லாட்ஜுகளுக்கு வெள்ளை நாற்காலி இருக்கைகள் செய்துகொண்டிருந்தோம். கலவை என் பொறுப்பு. அச்சிலிருந்து எடுத்ததை ஓவனில் வைத்து இறுக்குவது என் கொழுந்தன் பொறுப்பு.

ஒருமுறை சரக்கு முழுக்க மஞ்சளாகி, குழி விழுந்து கிடந்தது.

"மதினி கலவையைக் கெடுத்துட்டாங்க. ஓவன்ல நான் ஒழுங்காத்தான் வச்சேன்," என்றான். என் கணவர் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குழிகள் மட்டும் மஞ்சளாகாமல் வட்டவட்டமாக வெள்ளையாகவே இருந்தன. மாடியில் அவன் காயப்போட்டிருந்த தேங்காய் மூடி ஒன்றை எடுத்துவந்து குழியில் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. இறுகாத இருக்கைகளை ஓவனில் வைக்காமல் வெயிலில் பரப்பி, அவற்றின்மேலேயே கொப்பரையையும் காயப்போட்டிருக்கிறான்! வெயில் பட்ட இடமெல்லாம் மஞ்சளாகிவிட, மூடி மறைத்த இடம் மட்டும் வெள்ளையாகத் தப்பியிருந்தது.

"சாரமில்ல, விடுங்க மதினி, வெயிலும் சூடுதானே?" என்று இளித்தான்.

அவன் பொய்யை எப்போதோ மறந்துவிட்டேன். கணவரின் அந்தத் தலையாட்டலைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.