பொம்மையைப் பார்த்துச் சிரித்தவள்

காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக ஒழுகிப் புடவையை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தேன். வாய் வலப்பக்கம் இழுத்திருந்தது. இடது கண் மூடவே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. முந்தின நாள் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் வந்ததால் காற்றுப் பட்டுவிட்டது என்றார் அத்தை, என் மாமியார். கோயமுத்தூர் நரம்பு டாக்டர் முகவாதம் (முகத்தசைகளை இயக்கும் நரம்பு வீங்கி ஒரு பக்கம் அசையாமல் போவது) என்றார். பெரும்பாலும் சரியாகிவிடுமாம். ஸ்டீராய்டு மாத்திரை (வீக்கத்தைக் குறைப்பது) கொடுத்தார். தூங்கும்போது இமைமேல் பிளாஸ்திரி ஒட்டச் சொன்னார்.

எனக்கு அப்போது ஏழு மாதக் கைக்குழந்தை.

"கோண வாயப் பாத்தா கொழந்தைக்கும் ஒட்டிக்கும். மூடிக்க அம்மணி" என்று அத்தை மப்ளரை நீட்டினார். கண் மட்டும் தெரிய முகத்தை மூடிக்கொண்டு பால் கொடுத்தேன். பராக்குக் காட்ட டவுன்ஹால் கடைவீதியிலிருந்து ஒரு ரப்பர் பொம்மையும் வாங்கிவந்தார்.

மகள் அதைப் பார்த்துச் சிரித்தாள். சிவப்பாக வரைந்த வாய், அவ்வளவுதான். நான் தூக்கப்போனால் அழுதாள். எனக்கு வயிறு எரிந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தப் பொம்மையை பீரோ மேல் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். அத்தை தேடி எடுத்து மறுபடி தொட்டிலில் கட்டினார்.

டாக்டரிடம் சொல்லி அழுதேன்.

"மொதல்ல மப்ளரக் கழட்டுங்க" என்றார். "பொம்மை மூஞ்சி எப்பவும் ஒரே மாதிரி இருக்குது, கொழந்தைக்குப் பழகிருச்சு. நீங்கதான் உங்க மூஞ்சியக் காட்டவே இல்லீங்களே. பாதி சிரிச்சாலும் அவ கண்டுபுடிச்சுக்குவாளுங்க."

கழற்றினேன். முறைத்துப் பார்த்தாள். பொம்மையைத் தேடினாள். நான் விடவில்லை. டாக்டர் சொல்லித்தந்த, கன்னத்தை விரலால் தூக்கிவிடும் பயிற்சியைக் கண்ணாடி முன் செய்யாமல் அவள் முன் செய்தேன். பல வாரம் கழித்து, என் உதட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

வாய் நேரானது. ஆனால் நரம்பு மறுபடி வளரும்போது வழி மாறிவிட்டதாம். சிரித்தால் இடது கண் தானாக மூடிக்கொள்கிறது. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது முகவாதம் வந்திருந்தால், உங்களுக்கும் இப்படி ஆகலாம், பயப்படாதீர்கள்.

அடுத்த வருஷம் மகளுக்குக் காது குத்தினோம். என் அண்ணன் மடியில் வீறிட்டவளிடம் அத்தை பொம்மையை ஆட்டினார். அவள் அதைத் தள்ளிவிட்டு என்னைத் தேடினாள். நான் சிரித்தேன். கண்ணீரோடு அவளும் சிரித்தாள், இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.

"நாந்தான் அப்பவே சொன்னனே, ஒட்டிக்கிச்சு பாரு!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.

பொம்மை இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு கீழே கிடந்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று அதை எங்கள் பக்கம் திருப்பி வைத்தேன்.