மூச்சு விட்ட பிணம்

மகன் வாடகை வீடியோ டெக்கில் இத்தாலிப் பேய்ப்படம் போட்டான். குறைந்த செலவில் எடுத்த படம். ரத்தம் குங்குமத் தண்ணீராய் ஓடியது. நடிகர்கள் வாயை மூடிய பிறகும் பேச்சு கேட்டது. பிணமாகக் கிடந்தவளின் வயிறு ஏறி இறங்கியது.

“செத்தவ மூச்சு விடுதா, பாருங்கம்மா!” என்று சிரித்தான்.

என் சின்ன வயதில், தச்சநல்லூர் வீட்டில் இறந்துபோன அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். வயிற்றின்மேல் சேலை அசைந்தது. அம்மா எழுந்திருக்கட்டும் என்று, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன்.

“ஏட்டி, என்ன செய்யுத?” என்றாள் அத்தை.

“அம்மா மூச்சு விடுதா அத்தை.”

“காத்துல சேலை ஆடுதுட்டி.”

பைய எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து பார்த்தேன். சேலை அசையவில்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு மகன் படத்தை நிறுத்தப் போனான்.

“ஓடட்டும்யா,” என்றேன். “நல்லாத்தான் இருக்கு.”