அம்மையாரின் ஆல்பமும் எங்கள் பேருந்து நிறுத்தமும்

எங்கள் சட்டமன்ற உறுப்பினரின் இல்லத்துக்கு மனுவோடு செல்பவர்கள் முதலில் ஐரோப்பாவைக் கடந்தாக வேண்டும். கூடத்துக் கண்ணாடி அலமாரியில் பாரிசின் இரும்புக் கோபுரம் மூன்று அளவுகளில் நிற்கிறது; நடு அளவுக் கோபுரத்தில் வீட்டுச் சாவிகள் தொங்குகின்றன. அருகே ஹாலந்தின் மரச்செருப்பு, குலுக்கினால் பனி பொழியும் கண்ணாடி உருண்டை. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த மாட்டுமணிக்கு மட்டும் ஓய்வில்லை. மனுதாரர்களை ஒவ்வொருவராக உள்ளே அழைக்க உதவியாளர் அதைத்தான் ஆட்டுகிறார். வீட்டில் கறவை மாடு வைத்திருக்கும் பல்லடத்துப் பக்கத்து விவசாயிகள், ஓசை கேட்டதும் தம்மையறியாமல் வாசலைத் திரும்பிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

உள்ளே சென்றாலும் உறுப்பினரை உடனே காண இயலாது. அவர் அடுத்த அறையில் தொலைபேசியில் இருப்பார். அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு அவருடைய துணைவியாருக்கு. கைபேசியிலேயே கிடக்கும் படங்களை அம்மையார் படங்களாகக் கருதுவதில்லை. கணவருடன் ஐரோப்பா சுற்றிவந்தபோது எடுத்த யாவற்றையும் காந்திபுரத்தில் அச்சிட்டுக் கனத்த ஆல்பங்களில் அடுக்கி வைத்திருக்கிறார். விருந்தோம்பலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. காப்பி வரும், முறுக்கு வரும், அடுத்து ஆல்பம் வரும்.

நானும் என் மனைவியும் அங்கே சென்ற காரணம் இதுதான். பல்லடம் சாலையில் எங்கள் குடியிருப்பின் முன்னால் காந்திபுரம் செல்லும் நகரப் பேருந்து நிற்பதில்லை. ஏற வேண்டுமானால் பழைய பஞ்சாலை வரை நடக்க வேண்டும். என் மனைவிக்கோ முழங்கால் வலி. அவளுடைய அக்காள் காந்திபுரத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறார். தலை வாரிவிடத் தங்கையின் கையை எதிர்பார்த்துக் கிடப்பவர். வாரத்தில் மூன்று நாள் போய்வந்தவள், அந்த நடைக்கு அஞ்சி ஒரு நாளாகக் குறைத்துக்கொண்டாள். பிறகு அதுவும் தவறத் தொடங்கியது. ஆட்டோவில் போகலாமே என்றேன். பெண்களுக்குக் கட்டணமில்லாத பேருந்து கண்ணெதிரே ஓடும்போது ஆட்டோவில் ஏறுவது அவளுடைய கொள்கைக்கு ஒவ்வாதது.

முதல் முறை சென்றபோது, பாரிஸ் முடிவதற்குள் உறுப்பினர் பின்வாசல் வழியாக ஒரு திருமணத்துக்குப் புறப்பட்டுவிட்டார். இரண்டாம் முறை பனிமலை வரை சென்றோம். அந்தப் படத்தில் உறுப்பினர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையுடன் பனிக்கு நடுவே நிற்கிறார். மீசையும் கைக்கடிகாரமும் மட்டுமே புலப்பட்டன. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சூழலோடு மிகவும் இயைந்து நிற்கிறார் என்றேன். அம்மையார் மகிழ்ந்தார். ஊர்களின் பெயர்களை அவர் பெரிதாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. இது தயிர் உறையாத ஊர், இது ரசப்பொடி தீர்ந்துபோன ஊர் என்றே அடையாளம் சொல்லி வந்தார். மனு என் சட்டைப்பையில் வியர்த்து, வந்தபடியே வீடு திரும்பியது.

மூன்றாம் முறை கிளம்பும்போது, நான் வாய் திறக்கலாகாது என்பது என் மனைவியின் நிபந்தனை. படத்தைப் பாராட்டியே நான் பொழுதை ஓட்டிவிடுவதாக அவள் கருதினாள்.

அன்று விரிந்த பக்கத்தில், மலைக் கிராமம் ஒன்றில் ஒரு மஞ்சள் பேருந்து நின்றது. பட்டுப்புடவை, அதன்மேல் கம்பளிச் சட்டை, காலில் விளையாட்டுக் காலணி என்று அம்மையார் அதன் படியில் நிற்கிறார். பக்கத்தில் ஊன்றுகோலுடன் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி. அந்த மூதாட்டி கை காட்டியதும் பேருந்து நின்றதையும், ஓட்டுநர் படியைத் தாழ்த்தி, அவர் இருக்கையில் அமரும் வரை வண்டியை எடுக்காமல் காத்திருந்ததையும் அம்மையார் வியந்து வியந்து விவரித்தார்.

என் மனைவி கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்தாள்.

"ஏனுங்க அம்மணி, அந்தப் பாட்டிக்கு பஸ்ஸு நிக்கோணும்னு எந்த எம்.எல்.ஏ.ங்க சொல்லி உட்டாரு?"

அம்மையாரின் விரல் படத்தின் மேலேயே நின்றுவிட்டது. அடுத்த அறையில் தொலைபேசிப் பேச்சும் நின்றது. உறுப்பினர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அம்மையார் சிரிக்கவில்லை. எந்தப் பேருந்து, எவ்வளவு நடை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முழங்காலையும் அக்காளையும் பற்றி என் மனைவி சொல்லி முடித்ததும் அவர் முகம் வாடியது.

"இத எங்கிட்ட முன்னயே ஒரு வார்த்த சொல்லக்கூடாதுங்களாக்கா?"

"நீங்க சுவிட்சர்லாந்துல இருந்தீங்க அம்மணி."

அதன்பின் காரியம் விரைந்தது. நிறுத்தத்துக்கு அனுமதி வந்தது, நிழற்குடையும் எழுந்தது. ஆல்பத்தில் கண்ட மாதிரியில் அமைய வேண்டும் என்று அம்மையார் விரும்பியதால், பனி வழிந்தோடும் வகையில் அதன் கூரை செங்குத்தாகச் சரிந்திருக்கிறது. மழையே அரிதான எங்கள் சாலையில் அது தன் காலத்துக்காகக் காத்திருக்கிறது.

திறப்பு விழா அன்று முதற்பேருந்து வந்து நின்றது. அம்மையாரும் என் மனைவியும் சேர்ந்து ஏறுவதுபோல் படம் எடுக்க ஏற்பாடு. படம் பிடிப்பவருக்கு முதல் ஏற்றம் திருப்தியளிக்கவில்லை; இறங்கி மறுபடி ஏறச் சொன்னார். ஏறினார்கள். வெயில் முகத்தில் விழுகிறது, இன்னொரு முறை என்றார். என் மனைவி கம்பியைப் பிடித்தபடி திரும்பினாள்.

"இனி எறங்க மாட்டனுங்க. அக்கா பாத்துட்டுக் கெடப்பா. வண்டிய எடுங்க கண்ணு."

கண்ணு என்று அழைக்கப்பட்ட ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டார். அம்மையாரும் உள்ளேயே இருந்தார். மாலையைக் கையில் ஏந்தியபடி உறுப்பினர் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க பெரியவரே, இவ எங்க போறா?"

காந்திபுரம் வரை போகும் என்று வண்டியின் வழித்தடத்தைச் சொன்னேன். வேறென்ன சொல்வது? அவர் உடனே காரைப் பின்னால் அனுப்பினார். ஆனால் அம்மையார் அடுத்த நிறுத்தத்தில் இறங்கவில்லை, அதற்கடுத்ததிலும் இறங்கவில்லை. சன்னலோர இருக்கை கிடைத்துவிட்டதாம். அக்காள் வீடு வரை கூடவே சென்று, என் மனைவி தலை வாரும்போது எதிரே கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். மாலையில் வீடு திரும்பி இதைச் சொன்னபோது என் மனைவிக்கே பாதி நம்பிக்கைதான்.

பேருந்து இன்றளவும் நிற்கிறது. அக்காளுக்கு வாரத்தில் மூன்று நாள் தலை வாரிச் சடை பின்னப்படுகிறது. மற்ற நாள்களில் பக்கத்து வீட்டுப் பெண் பின்னிவிடுவதை அவர் சடையென்று ஒப்புக்கொள்வதில்லை.