ஊது சாரின் மூக்குக் கிளிப்

“இழுங்க, இழுங்க, இழுங்க… ஊதுங்க! ஊது ஊது ஊது ஊது! விடாதீங்க, உள்ள இன்னும் இருக்கு, எனக்குத் தெரியும்!”

முதல் தடவை வருகிறவர்கள், உள்ளே யாரையோ கொலை செய்கிறார்கள் என்று பதறி எழுந்து நிற்பார்கள். என்னைப் போல ஆஸ்துமாவோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் அசைய மாட்டோம். உள்ளே ஊது சார் யாருக்கோ நுரையீரல் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி அவருக்குக் கொடுத்த பதவிப் பெயர் நீளமானது. அதை முழுதாகச் சொல்லி யாரும் மூச்சை வீணாக்குவதில்லை.

பொடி உருவம், ஊருக்கே கேட்கிற குரல். நம் வாயில் அட்டைக் குழாயை வைத்து, மூக்கில் கிளிப்பை மாட்டி, நாம் ஊதும்போது முகம் சிவக்கத் தானும் கூடவே ஊதுவார். கணினித் திரையைவிட நம் உதட்டைத்தான் அதிகம் பார்ப்பார். “மெஷின் சொல்றது அப்புறம். உதட்டோரம் காத்து போகுதான்னு முதல்ல பாக்கணும். ஓட்டை டயருக்குக் காத்தடிச்சு என்ன பிரயோஜனம்?” முடிந்ததும் கிளிப்பைத் தானே கழற்றிக் குப்பைக்கூடையில் போடுவார். கணவர் கழற்றிய கிளிப்பை எடுத்து மாட்டிக்கொள்ளப்போன ஓர் அம்மாளிடம், “குடும்பம் ஒண்ணா இருக்கலாம்மா, மூக்கு வேற வேற” என்று அதைப் பிடுங்கிக் கூடையில் எறிந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இவருக்கு ஒரே மகள், கல்லூரியில் சேரப்போகிறவள். முகமெல்லாம் பரு. சில வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள், “என் மூஞ்சியப் பாக்காதீங்கப்பா” என்று அழுதிருக்கிறாள். சொன்ன சொல்லைத் தட்டாத அப்பா. அன்றிலிருந்து அவள் தோளையோ சுவரையோ பார்த்துத்தான் பேசுகிறார். “பழகிடுச்சு சார். அவ கண்ணாடி போட்டிருக்காளான்னு கேட்டாக்கூட யோசிச்சுத்தான் சொல்லணும்” என்றார் என்னிடம். பெருமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் என்னவோ போல இருந்தது.

இந்த நேரத்தில் மாடியிலிருக்கும் தோல் டாக்டருக்கு ஒரு சந்தேகம் வந்தது. பரு அதிகமாக இருப்பவர்களுக்கு நுரையீரலும் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறதோ? தன்னிடம் பருவுக்கு வந்தவர்களையெல்லாம் கீழே அனுப்பிவிட்டார். ஊது சாருக்குச் சிரிப்பு. “பருவுக்கும் மூச்சுக்கும் என்ன சார் சம்பந்தம்? அடுத்தது நகச்சுத்திக்குக் காது டெஸ்ட் கேப்பாங்க.” பலருக்குச் சரியாகவே வந்தது. சிலருக்கு, இருக்கவேண்டிய அளவைவிடக் குறைவாக வந்தது. அதற்குப் பிறகு அவர் அந்த ஜோக்கைச் சொல்லவில்லை.

அந்த வரிசையில் ஒருநாள் மகளும் வந்தாள். அவளுக்கும் குறைவு. நுரையீரல் டாக்டர் ரிப்போர்ட்டில் இருந்த வளைகோட்டைப் பார்த்துவிட்டு, “காத்து லீக் ஆன மாதிரி இருக்கே. நீங்க உதட்டப் பாக்கலையா?” என்று கேட்டார். ஊது சாரிடம் யாரும் கேட்கத் துணியாத கேள்வி. உண்மையில் அவர் பார்க்கவில்லை. மகள் ஊதியபோது அவர் சுவரில் தொங்கிய தீயணைப்புக் கருவியைப் பார்த்து “ஊது ஊது” என்று கத்திக்கொண்டிருந்தார்.

மறுபரிசோதனை அன்று அடுத்தது என் முறை. தாழ்ப்பாள் பழுதான கதவு பாதி திறந்திருந்தது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, குழாயோடு உட்கார்ந்திருந்தாள் மகள். ஊது சார் தீயணைப்புக் கருவியிடம், “இழும்மா…” என்று ஆரம்பித்தார்.

“அப்பா, ஊர்ல இருக்குறவங்க மூஞ்சியெல்லாம் பாக்குறீங்க. என்னைய மட்டும் பாக்க மாட்டேங்குறீங்க.”

“நீதானம்மா பாக்காதன்னு சொன்ன?”

“அது ஒன்பதாவது படிக்கிறப்ப. அதையா இன்னும் பிடிச்சுத் தொங்குறீங்க? பாருங்கப்பா. லீக் ஆகுதான்னு பாத்துச் சொல்லுங்க.”

மெதுவாகத் திரும்பினார். கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். அவள் வாயோரத்தில் ஒரு பரு பழுத்திருந்தது. குழாய் பட்டால் வலிக்குமென்று அந்தப் பக்கம் உதட்டை இறுக்காமல் விட்டிருந்தாள்.

“வலிக்குதா?”

“ம்.”

“பரவால்ல, கொஞ்சம் பொறுத்துக்க. இறுக்கிப் பிடி. இழு, இழு, இழு… ஊது! ஊது ஊது ஊது! விடாத!”

வராந்தாவே எழுந்து நின்றது. அடுத்தடுத்து ஊதவைத்தார். பிறகு திரையைப் பார்த்தார். ஊதியதில் இம்முறை ஒரு குறையும் இல்லை. எண் முன்பைவிடத் தேவலை. ஆனாலும் குறைவுதான்.

“கம்மியாப்பா?”

“கம்மிதாம்மா. நீ சரியாத்தான் ஊதின. அப்பவும் கம்மி.” இதை அவர் தீயணைப்புக் கருவியிடம் சொல்லவில்லை. “டாக்டர் பாத்து மருந்து குடுப்பாரு. வெளியில உக்காந்திருக்காரே ஒரு சார், அவரு எத்தனை வருஷமா ஓட்டுறாரு, பாரு.”

என் நுரையீரலை உதாரணமாகக் காட்டியது உலகத்திலேயே அவர் ஒருவர்தான். நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பெரிய குரல் பாதியில் கம்மிப்போனது எனக்குக் கேட்டது.

ஊது சார் மூக்கை உறிஞ்சினார். மகள் தன் மூக்கிலிருந்த கிளிப்பைக் கழற்றினாள். கூடையில் போடவில்லை. எட்டி அவர் மூக்கில் மாட்டிவிட்டாள்.

அவர் அதைக் கழற்றவில்லை. கிளிப்போடு அப்படியே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.