பெயின்ட் வாளித் தக்காளி

என் கணவரின் அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பாசத்தினால் அல்ல, வேறு வழியில்லாமல். சாந்தோமில் ஒரே வீடு. கீழே அவர்கள், மேலே நாங்கள், மொட்டை மாடி பொது. எனக்குக் கல்யாணமான புதிதில், கிறிஸ்துமஸ் விருந்தன்று நான் வைத்த மீன் குழம்பை ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தாள். வந்தவர்கள் எதிரிலேயே அப்படியே சிங்க்கில் கொட்டினாள். "இதையெல்லாம் மனுஷன் வாயில வெப்பானா?" என்றாள். இருபத்திரண்டு வருஷமாகிறது. எனக்கு மறதி வியாதி எதுவும் இல்லை.

போன வருஷம் அத்தானுக்கு, அதாவது அவள் கணவருக்கு, தொண்டையில் கட்டி. ரேடியேஷன் கொடுத்ததில் நாக்கு செத்துவிட்டது. எதைத் தின்றாலும் மண்ணாக இருக்கிறது என்று பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போன சட்டைகளே இப்போது தோளில் நிற்கவில்லை.

ஒரு மாலை மாடியில் நடந்துகொண்டிருந்தவர், என் தொட்டியிலிருந்து ஒரு செர்ரி தக்காளியைப் பறித்து வாயில் போட்டார். முழ உயரத்துக்கு மேல் வளராத குட்டை ரகம், கோலிக்குண்டு அளவு பழம். அப்படியே நின்றார். "புளிக்குதும்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. கேட்காமல் பறித்ததற்கு மன்னிப்பும் கேட்டார்.

அன்றே ஒரு கிண்ணம் பறித்துக் கீழே கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவள் படியேறி வந்து கேட்கட்டும் என்று இருந்தேன்.

வந்தாள். ஆனால் பழம் கேட்கவில்லை. "ரெண்டு நாத்து குடு. அவருக்கு நானே வளத்துக்கிறேன்" என்றாள். கொடுத்தேன். காலி பெயின்ட் வாளிகளில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, என் தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற ஊர் இது. ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரைக்கூட எங்கள் தெருவில் யாரும் சாக்கடையில் விடுவதில்லை. பிடித்து வைத்துத் தரை துடைப்போம். அவள் அதைப் பக்கெட்டில் பிடித்துச் செடிக்கு ஊற்றினாள். கடலோரத்துப் போர்வெல் தண்ணீரில் நல்லதை எடுத்த பிறகு மிஞ்சுவது அத்தனையும் உப்பு. முந்தின வருஷம் என் ஆறு செடிகளை நானே அப்படித்தான் கொன்றிருந்தேன்.

"இன்னாடி, இலை ஓரமெல்லாம் கருகிக்கினு வருது?" என்று கேட்டாள்.

"வெயிலுதான்க்கா. தண்ணி பத்தல. இன்னும் நல்லா ஊத்துங்க."

நன்றாக ஊற்றினாள். பூ வந்து உதிர்ந்தது. முட்டி வலியோடு அவள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு படியேறும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன்.

ஒரு நாள் அத்தான் அந்த வாளிகளின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுரண்டி விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"உப்பு" என்றார். என் தொட்டிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியாது அத்தான்" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் அக்கா பக்கெட்டோடு வந்தாள். பின்னாலேயே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவரும் வந்தார். அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்பது அவள் கேட்டதிலேயே தெரிந்தது.

"இன்னிக்கு எவ்ளோ ஊத்தட்டும்டி?"

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று தெரியாது என்றவள் இன்று என்ன சொல்வது?

"ரெண்டு மக் ஊத்துங்கக்கா."

அவர் அவள் கையிலிருந்து மக்கை வாங்கினார். பக்கெட்டில் முக்கி, என் முதல் தொட்டியில் ஊற்றினார். அடுத்ததில் ஊற்றினார். பழுத்துத் தொங்கிய கொத்துகள் நனைந்தன.

"ஐயோ, அது அவளோட தொட்டிங்க" என்றாள் அக்கா.

"தெரியும்" என்றார்.

அந்த ஒரு புளிப்பைத் தவிர வேறு ருசி தெரியாத மனிதர், பக்கெட் காலியாகும்வரை ஊற்றினார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். அது உப்புத் தண்ணீர், ஊற்றாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. கடைசிச் செடி கருகும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.