மிச்சம் இருந்த இருபத்தொன்று

அத்தானின் முதுகெலும்பில் இரண்டு திருகாணிகள் இருக்கின்றன. ஆறு வருடங்களுக்கு முன் ஏணி சரிந்து விழுந்தபோது வைத்தவை. "இந்த வீட்ல நேரா நிக்கிற ஒரே ஆள் நான்தான், ஆஸ்பத்திரியில முறுக்கி விட்டிருக்காங்க" என்பார்.

அவர் கண்ணாடிக்காரர். ஜன்னலுக்கும் கடைமுகப்புக்கும் கண்ணாடி அறுத்துப் பொருத்துபவர். பட்டறை கீழே, வீடு மேலே. பெரிய கண்ணாடிகளை அவரும் அக்காவும்தான் தூக்குவார்கள். மாடிப்படியில் மேல்முனை அவருக்கு, கீழ்முனை அவளுக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். அதன் ஊடாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஏறுவாள். உதடு சற்றுக் கோணினாலும் "இறக்குங்க" என்றுவிடுவாள்.

கூலிக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

"கை நழுவினா கூலிக்காரன் ஓடிருவான் மச்சான். உங்கக்கா ஓடமாட்டா."

"ஓடினா மட்டும் துரத்திப் பிடிச்சுருவீங்களாக்கும், இந்த முதுகை வெச்சுக்கிட்டு!" என்றாள் அக்கா.

என்னைத் தூக்கச் சொல்லி இருவரும் கேட்டதில்லை. நான் தொட்டு உடைத்தவை ஏற்கெனவே இரண்டு.

அவரைத் தூக்கவைத்தது வலி மாத்திரை. மார்ஃபின் வகை. நாளைக்கு மூன்று, மாதத்துக்குத் தொண்ணூறு. தூக்குவேலை இல்லாத நாளில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, பட்டறைத் தரையில் மல்லாந்து கிடப்பார். பல்லைக் கடிக்கும் சத்தம் மாடிக்குக் கேட்கும். மிச்சமானவற்றைப் பழைய ஆணி டப்பாவில் போட்டுவைப்பார், பாரமான நாளுக்கென்று.

அந்த மாதம் இருபதாம் நாள் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. நாளை காலை முதல் வேலையாக மாத்திரைகளோடு வரவேண்டும், ஒன்று விடாமல். புது விதியாம். வாங்கியவர்கள் வெளியே விற்கிறார்களா என்று எண்ணிப் பார்க்கிறார்களாம்.

மறுநாள் காலை ஆணி டப்பாவையும் பையில் வைத்தார். அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு வார்த்தை எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

"நம்மகிட்ட என்ன ஒளிவு மறைவு? எவ்வளவு சிக்கனமா இருக்கேன்னு பாக்கட்டும்" என்றார்.

நானும் கூடப் போனேன். டாக்டர் இளவயதுப் பெண். கடுமையானவர் அல்ல. தட்டில் கொட்டி, இரண்டிரண்டாக நகர்த்தி எண்ணினார்.

"முப்பது இருக்கணும். ஐம்பத்தொண்ணு இருக்கு."

"சேத்து வெச்சது டாக்டர். பாரம் தூக்குற நாளுக்கு." பாராட்டுக்குக் காத்திருப்பவர் போலச் சிரித்தார்.

"சேத்து வெக்க முடியுதுன்னா, இல்லாம இருக்க முடியுதுன்னுதானே அர்த்தம்?"

"இருந்தேன் டாக்டர். முடிஞ்சு இருக்கல."

டாக்டர் திரையைப் பார்த்தார். "குறைஞ்சிருந்தா வித்துட்டீங்கம்பாங்க. மிச்சம் இருந்தா அளவைக் குறைக்கச் சொல்றாங்க. நான் மீறினா என்னைத்தான் கேப்பாங்க."

ஏழு மாத்திரைகளைத் தனியே எடுத்துக் கொடுத்தார். மீதி பூட்டுப் போட்ட பெட்டிக்குள் விழுந்தது. விழும் சத்தம் நெடுநேரம் கேட்டதுபோல் இருந்தது. இனி நாளைக்கு ஒன்று. வாரம் ஒருமுறை வரவேண்டும்.

படியிறங்கும்போது அத்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டார். இதற்கு முன் பிடித்ததில்லை.

"அக்காகிட்ட ரெண்டுன்னு சொல்லிடு மச்சான்."

"அத்தான்..."

"தெரிஞ்சா கண்ணாடியைத் தொடவிடமாட்டா. அப்புறம் நான் என்ன பண்றது, பொம்மைக்குப் பொட்டு வெக்கவா?"

சொன்னேன். இரண்டு என்றுதான் சொன்னேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் அதிகமாகவே பார்த்தாள்.

ஐந்து நாட்கள் அக்காவுக்கு முகம் காட்டாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் அவர் சாப்பிட்டார். பட்டறையில் கண்ணாடிமேல் வைரமுனை இழுத்த கோடுகள் முதல்முறையாக அலைந்திருந்தன. உடைத்த துண்டுகளை அக்கா பார்க்குமுன் சாக்கில் போட்டுக் கட்டினார்.

ஆறாம் நாள் நடனப்பள்ளி வேலை. மூன்றாம் மாடி. ஆள் உயரத்துக்கும் மேலான நிலைக்கண்ணாடி.

"நல்லவேளை" என்றார் என் காதருகே. "ரசம் பூசினது. அந்தப் பக்கம் தெரியாது."

கதவைத் திறந்து பிடிக்க நான் முன்னால் ஏறினேன். கண்ணாடியின் கறுத்த முதுகுப் பக்கம் அத்தான். மினுங்கும் பக்கம் அக்கா. அவருக்குப் பதிலாக இம்முறை தன்னையே பார்த்தபடி அவள் ஏறிவந்தாள். ஒவ்வொரு படிக்கும் கேட்டாள், "வரட்டுமா?" அவர் சொன்னார், "வா."

இரண்டாம் திருப்பத்தில் முழு எடையும் கீழ்முனைக்குச் சாயும். மேல்முனையை இழுத்துப் பிடித்தே ஆகவேண்டும். அங்கே அவர் நின்றார். மேலிருந்து பார்த்த எனக்கு அவர் முகம் தெரிந்தது. ஈரச் சுண்ணாம்பின் நிறம்.

"வரட்டுமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சொல்லிவிடாதே என்கிற பார்வை. நான் ஒரு படி மேலே ஏறிக்கொண்டேன்.

"என்னங்க, வரட்டுமா?"

"வா" என்றார், எப்போதும் சொல்கிற அதே குரலில்.

அக்கா காலைத் தூக்கி வைத்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடியில், அவளுக்குப் பின்னால் அசையாமல் எரிந்த படிக்கட்டு விளக்கின் பிம்பம் நடுங்கத் தொடங்கியது.